கரையேறிய தாத்தா

காலை பத்து மணிக்குத் தோணிரேவில் போய் இறங்கிப் பாருங்கள். ராத்திரி வலைக்குப் போன ஆண்கள் வீட்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்களில் சிலர் மீன் கூடையோடு பொன்னேரி பஸ்ஸில். சிலர் ஏரித் தண்ணீரில் குந்தி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் வாசலில் உட்கார்ந்து பனையோலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தெருவில் மிச்சம் இருப்பது உலர்கிற வலை, வலைமேல் படுத்திருக்கிற நாய், நாயின் வாலைப் பிடித்து இழுக்கிற குழந்தை, குழந்தையைப் பிடித்து இழுக்கிற தாத்தா.

அவர்தான் நம் கதாநாயகர். கரைத் தாத்தா என்று வைத்துக்கொள்வோம். இவர் ஒருத்தர் இல்லை. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் கிடைப்பார். தோணிரேவுச் சரக்கை மட்டும் இங்கே விரிக்கிறேன். ஊர்ப் பெயரில் தோணி தமிழ், ரேவு தெலுங்கு. ஏரியே இரண்டு மாநிலத்துக்கும் பொது, பெரும்பங்கு ஆந்திராவுக்கு என்னும்போது, பெயரில் பாதியாவது நமக்கு மிஞ்சியதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். தோணி இறங்குகிற துறை என்று அர்த்தம். எல்லோரும் இறங்குகிற துறையில் ஏறிவிட்டவர் நம் தாத்தா.

ஏற்றிவிட்டது முட்டி வலி. மீன்பிடித் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் விடியற்காலையில் மகன், "நீ குந்து நைனா, நான் இழுத்துக்கறேன்" என்று சொல்லி வலைக்கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். அதுதான் ரிட்டையர்மென்ட். சால்வை கிடையாது, சுவர்க் கடிகாரம் கிடையாது. மறுநாள் காலையில் மருமகள், "இவனக் கொஞ்சம் பாத்துக்கோ மாமா, தோ வந்துடறேன்" என்று ஒரு குழந்தையை மடியில் போட்டுவிட்டுப் போவாள். அது புதுப் போஸ்டிங் ஆர்டர். அந்த "தோ வந்துடறேன்" முடிந்து அவள் வருவதற்குள் இருட்டிவிடும்.

தாத்தா நாலு பிள்ளை பெற்றவர். வளர்த்தவர் என்று சொல்ல முடியாது. அவர் ஏரிக்குப் போகும்போது பிள்ளைகள் தூங்கும். பிள்ளைகள் விளையாடும்போது அவர் தூங்குவார். ஒருமுறை தெருவில் போன பையனைப் பார்த்து, "யார் வூட்டுப் பையன்டா இவன், நல்லா ஓடறானே" என்று விசாரித்தார். அவருடைய இரண்டாவது மகன். இன்றைக்கும் பெரியவன் எப்போது பிறந்தான் என்று கேட்டால், "எம்பத்து நாலுல ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் அடிச்சிதே, அதுக்கு மறு வருசம்" என்பார். இரண்டாமவன்? "அதான் சொன்னேனே, அதுக்கு மறு வருசம்." உள்ளேயிருந்து ஆயா குரல் வரும்: "ஒரே வருசத்துல ரெண்டு பெத்தனா? யோவ், கணக்கு சொல்லாதய்யா, வாய மூடிக்கினு குந்து."

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் குழப்பமே கிடையாது. அங்கேயும் புயல் கணக்குதான், ஆனால் நாள் பிசகாது. பெரிய பேத்தி வர்தாவுக்கு மூன்று நாள் முந்தி. வர்தா கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. ஆக, பேத்தி டிசம்பர் 9. பால்வாடி டீச்சர் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டாராம். நடுவிலான் 2020-இல், நிவர் கரையேறிய மறுநாள். கடைக்குட்டி 2023 டிசம்பரில், மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது. பிறந்த எடை இரண்டு கிலோ எழுநூறு என்பது வரை சொல்வார். பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, தெருவில் மூவருக்கும் வர்தா, நிவர், மிக்ஜாம் என்றே நிலைத்துவிட்டது. மிக்ஜாமை மட்டும் தாத்தாவுக்கு வாயில் சுற்றவில்லை, "மிச்சாங்" என்பார். அந்தப் பெயரைக் கொடுத்த மியான்மர்க்காரர்கள் கேட்டால், நம் செய்தி வாசிப்பாளர்களை விட இவர் பரவாயில்லை என்று சொல்லக்கூடும்.

மிச்சாங் தவழ ஆரம்பித்த அன்றைக்குத் தாத்தாவுக்குத் தூக்கம் போயிற்று. வாசலுக்கும் தண்ணீருக்கும் நாற்பதே எட்டு. கதவைச் சாத்தினால் புழுக்கம்; திறந்தால் ஏரி. ஒரு பழைய வலையை எடுத்து வாசல்காலில் குறுக்கே கட்டிவிட்டார். "கோழி பூந்து போவும், புள்ள பூந்து போவாது. கண்ணி அளவு அப்படி" என்று விளக்கம் வேறு. முதல் நாள் ஆட்டுக்குட்டி மாட்டியது. இரண்டாம் நாள் மகளிர் குழுக் கடன் தவணை வாங்க வந்தவர் செருப்போடு மாட்டினார். அவரை அவிழ்த்துவிட்டுக்கொண்டே, "நல்ல எடைதான். ஆனா ஏலத்துக்குப் போவாது" என்றார் தாத்தா.

வலை போதாதென்று, குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தாயத்துக்குப் பக்கத்தில் ஒரு மிதப்பு தொங்கும். வலையின் மேல்கயிற்றில் கோப்பார்களே, அதே மிதப்பு. அத்தனை பெரிய வலையைத் தூக்கி நிறுத்துகிற சாமான் ஒன்பது கிலோப் பிள்ளையைத் தூக்காதா என்பது அவர் வாதம். இதை நிரூபிக்க ஒரு நாள் அண்டாவில் தண்ணீர் நிரப்பிச் சோதனையும் நடத்தினார். பாதிச் சோதனையில் ஆயா மார்க்கெட்டிலிருந்து திரும்பிவிட்டாள். அதற்குமேல் நடந்ததை அச்சில் போட முடியாது.

குழந்தை அழுதால் மற்றவர்கள் பசியா, எறும்பா என்று பார்ப்பார்கள். இவர் காற்றுப் பார்ப்பார். மத்தியானம் வெயிலேறி வருகிற அழுகை கச்சான்: சூடாக வரும், தானாக அடங்கும், கிட்டே போகாதே. பொழுது சாயும்போது மெல்லிசாக ஆரம்பித்து விடாமல் நீள்கிற அழுகை வாடை: ராத்திரி முழுக்க நிற்கும், எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கொண்டல் என்றால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். "இது ரெண்டும் கெட்டான் காத்து, நர்ஸம்மாவக் கூப்புடு" என்று அவர் சொன்ன ஒரு நாள் குழந்தைக்குக் காதுக்குள் சீழ் இருந்தது. நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

நர்ஸம்மாவுக்கும் அவருக்கும் உறவு சுமுகம், ஊசி வெளியே வரும்வரை. ஆள் எத்தனையோ காற்றில் அலையோடு மல்லுக்கட்டியவர். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி, மூன்றுக்கும் அவருக்கு அவசரமாக யாரோ வீட்டு வலையில் பொத்தல் அடைக்கிற வேலை வந்துவிட்டது. ஆனால் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வரலாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருப்பாளா, அன்றைக்கு மருமகள் தூங்கலாம், மகன் ஏரிக்குப் போகலாம், தாத்தா தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். வலை போட்டவன் கண்ணசரக் கூடாது என்பது தொழில் பழக்கம். தூளிக்கு அவர் போடுகிற முடிச்சு வேறு தனி வில்லங்கம். புயலே வந்தாலும் அவிழாது. மருமகள் துவைக்க எடுக்க வேண்டுமென்றால் அரிவாள்மணையோடுதான் வர வேண்டும்.

சோறு ஊட்டுவதில்தான் அவருடைய முழு வித்தையும் தெரியும். மடவை மீனை ஆவி பறக்கத் தட்டில் வைத்து, கண்ணை ஒட்டிக் கொண்டுபோய், பார்வை போதாமல் விரலாலேயே தடவித் தடவி முள் எடுப்பார். ஒரு துண்டுக்கு ஐந்து நிமிஷம். எடுத்த சதையை மறுபடியும் நசுக்கிப் பார்த்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் பிள்ளையின் வாய். ஆயா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஏன்யா, நான் பெத்த நாலுக்கும் இந்தக் கையி எங்க போயிருந்துது?"

"வலையில இருந்துதுமே."

சாப்பிட மறுக்கிற பிள்ளைக்கு ஊரெல்லாம் நிலாவைக் காட்டுவார்கள். இங்கே நிலாவுக்குப் போகிற வண்டியையே காட்டலாம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற அன்றைக்குக் கடலுக்குப் போகாதே என்று தாக்கல் வந்துவிடும். வாசலில் நின்றால் வானத்தில் கோடு தெரியும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது மத்தியானம் 2.35-க்கு, நிவருக்குச் சோறு ஊட்டுகிற நேரம். "துன்னலன்னா ஒன்ன அதுல ஏத்தி அனுப்பிடுவேன்" என்று தாத்தா மிரட்டினார். மிரட்டலில் ஒரு ஓட்டை இருந்தது. நிவருக்கு அதில் ஏற வேண்டும். அன்றையிலிருந்து வாயைத் திறக்க மறுத்துவிட்டான். சந்திரயான் 40 நாளில் நிலாவில் இறங்கியது. இவன் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அடுத்து, குளிர்காலத்தில் வந்த பூநாரைகளைக் காட்டினார். "பாரு, சேத்துல குந்திக்கினு இல்ல, நின்னுக்கினே எப்படித் துன்னுது பாரு." பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்கிற பறவை. நிவர் கூர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு காலையும் அகட்டி நின்று, தலையைக் கவிழ்த்து, உச்சந்தலை படும்படி ரசஞ்சோற்றுத் தட்டில் வைத்தான். கடைசி ஆயுதமாகப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஹாலந்துக்காரர்கள் மரணத்தை நினைவூட்ட நிறுத்தி வைத்தவை. தாத்தாவின் வரலாறு வேறு: "அத்தினியும் சோறு துன்னாத வெள்ளக்காரப் பசங்க." இது வேலை செய்தது. பையன் அன்றைக்கு மூன்று தட்டுச் சாப்பிட்டான். ராத்திரி படுக்கையில் ஒன்றுக்கும் போனான்.

படுக்கை என்றதும் பாடு ஞாபகம் வருகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் இறால் பிடிக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டுப் பங்கு வைக்கிற முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இன்ன இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்ச் சேராது, மோசமான இடமும் ஒருத்தன் தலையிலேயே விழாது. உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் சீட்டு. அந்தச் சீட்டில் நம் தாத்தாவுக்குப் பங்கில்லை. ஏரியில் கிடைக்காததை வீட்டில் நடத்திவிட்டார்.

அவர் படுத்தால் பிள்ளைகளுக்கு மூன்று இடம்: வலது கை, இடது கை, வயிறு. வயிறுதான் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் மாதிரி, எல்லோருக்கும் அதன்மேல் கண். வலது கை சுமார். இடது கைப் பக்கம் கொசு. தினமும் பொழுது சாய்ந்ததும் தீப்பெட்டி அட்டையில் மூன்று சீட்டுக் கிழித்துக் குலுக்குவார். மிச்சாங்குக்குச் சீட்டு எடுக்கத் தெரியாது, எடுத்தால் தின்றுவிடுவான். அவன் சார்பில் ஆயா எடுப்பாள். வர்தா தன் சீட்டின் ஓரத்தை நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தது ஒரு நாள் அம்பலமாயிற்று. பஞ்சாயத்துக் கூடியது. பஞ்சாயத்தார் தாத்தா, வழக்கை விசாரித்தவரும் அவரே. மூன்று நாள் கொசுப் பக்கம், அபராதம் ஒரு முறுக்கு. அபராதம் ஊர்ப் பொதுவுக்குச் சேர வேண்டியது நியாயம். அது பஞ்சாயத்தாரின் பல்லில்லாத வாயில் பாலில் ஊறிப் போய்ச் சேர்ந்தது. மொத்தத்தில் பாடு பிள்ளைகளுக்கு, படுகிறவர் தாத்தா.

மருத்துவ அறிக்கையும் ஏரிப் பாஷையில்தான். ஒரு கோடையில், நாலு பேர் கூடியிருந்த டீக்கடையில் கவலையோடு அறிவித்தார்: "மூணு நாளா முகத்துவாரம் மூடிக்கிச்சி." வெயில் காலத்தில் மணல் சேர்ந்து ஏரியின் வாய் அடைபடுவதும், கடல்தண்ணீர் உள்ளே வராமல் மீன்பாடு குறைவதும் எல்லோருக்கும் தெரிந்த துயரம். உடனே ஒருத்தர் தூர் வார மனுக் கொடுக்கலாம் என்றார். இன்னொருத்தர் கலெக்டர் ஆபீசுக்கே போகலாம் என்றார். கூட்டம் சூடாகி, யார் யார் போவது என்று பெயர் எழுதுகிற கட்டத்தில்தான் அவர் மிச்சாங்கைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தது. ஆயா வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயுமாகப் பத்து நிமிஷத்தில் தூர் வாரி முடித்தாள். கலெக்டர் ஆபீஸ் வரை போகத் தேவைப்படவில்லை.

நான் கடைசியாகப் போயிருந்தபோது சாயங்காலம். மகன் எழுந்து, முகம் கழுவி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். போகிற போக்கில் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினான். மிச்சாங் ஒரு பார்வை பார்த்தான். வாடைக் காற்று ஆரம்பித்துவிட்டது. தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே அலறல்.

"இன்னா நைனா, என்னப் பாத்து அழுவுறான்?"

"புது ஆளு இல்ல? அதான்."

"நடக்கறான்னு அவ சொன்னா. எப்ப நடந்தான்?"

"காலையில, நீ தூங்கினு இருந்தப்போ. நாலு எட்டு. கெழக்கால."

மகன் வலையைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. குழந்தையின் பாதத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். தாத்தா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"போடா, காத்து மாறப் போவுது. இன்னா அவசரம்? ஒனக்கும் ஒரு நாளு முட்டி வலி வரும்" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டி அட்டையைக் கிழிக்க ஆரம்பித்தார்.