டெக்சாஸ் வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

மாண்புமிகு டெக்சாஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே,

உலகத்தில் சட்டமன்றங்களுக்கா பஞ்சம்? கூடுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், கடைசியில் எதையாவது நிறைவேற்றித் தொலைக்கிறார்கள். நிறைவேற்றுவது யாரால்தான் முடியாது! ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் ஒரே மசோதாவை, கூட்டத்தொடர் தவறாமல், 2013 முதல் இன்றுவரை குழுவறையிலேயே தாலாட்டித் தூங்கவைப்பதற்கு ஒரு தவம் வேண்டும். அந்தத் தவம் உங்களுக்குக் கைகூடியிருக்கிறது. ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று இன்னும் ஒன்பது மாநிலங்கள் உங்களோடு நோன்பு இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதத்தில் அமெரிக்காவிலேயே முதலிடம் உங்களுக்குத்தான். ஏறத்தாழ 50 லட்சம் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர். இந்தக் கோப்பையை வேறு எவரும் உங்களிடமிருந்து பறிக்க முடியவில்லை.

இந்தச் சாதனையின் வரலாறு தெரியாத தமிழ் வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற காப்பீட்டை 1965 முதல் மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பங்கிட்டு நடத்தி வருகின்றன. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், வறுமைக் கோட்டு வருமானத்தின் 138 விழுக்காடு வரை உள்ள எல்லோரையும் அதில் சேர்க்கச் சொன்னது. 2014 முதல் மூன்று ஆண்டுகளுக்கு முழுச் செலவும் மத்திய அரசுடையது. பிறகு படிப்படியாகக் குறைந்து 90 விழுக்காட்டில் நிற்கும். மாநிலம் போட வேண்டியது நூற்றுக்குப் பத்து. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், இந்த விரிவாக்கத்தை ஏற்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது இப்படிச் சட்டமானது. அடுத்த மாதமே உங்கள் அன்றைய ஆளுநர் ரிக் பெர்ரி, வேண்டவே வேண்டாம் என்று மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். வலிய வந்த சீதேவியை எட்டி உதைப்பதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டுமல்லவா?

பணமில்லாதவன் மறுத்தால் அது இயலாமை. உங்களை அப்படிச் சொல்ல எனக்கு நாக் கூசும். 2023 ஜனவரியில் உங்கள் கருவூலத்தில் 3,270 கோடி டாலர் உபரி இருந்தது. உங்கள் கணக்கதிகாரியே அறிவித்தார். அந்த உபரியை மடியில் வைத்துக்கொண்டு நூற்றுக்குப் பத்தைப் போட மறுப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! அதற்கு முன்பே, 2021-ல், இனிமேல் சேரும் மாநிலங்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் ஊக்கத்தொகையும் உண்டு என்று மத்திய அரசு ஆசை காட்டிப் பார்த்தது. நீங்கள் அசையவில்லை. காத்திருந்து காத்திருந்து, 2026 தொடங்கும்போது அந்தச் சலுகையே முடிந்துபோனது. இனி அதைச் சொல்லி யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய முடியாது.

சரி, மத்திய அரசின் பணம் தீண்டத்தகாதது என்ற கொள்கைக்காகத்தான் மறுத்தீர்களா என்றால், அதுவும் இல்லை. நெடுஞ்சாலைக்கு வாங்குகிறீர்கள், புயல் நிவாரணத்துக்கு வாங்குகிறீர்கள், காப்பீடு இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தந்து மருத்துவமனைகள் அடையும் நட்டத்தை ஈடுகட்டவும் வாங்குகிறீர்கள். காப்பீடு கொடுக்க மட்டும் வாங்க மாட்டீர்கள். இந்த நுட்பம் எல்லோருக்கும் புரியாது.

உங்கள் கைவண்ணத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் டெக்சார்கானாவுக்குப் போக வேண்டும். அந்த ஊரின் நடுவே ஸ்டேட் லைன் அவென்யூ என்றொரு சாலை ஓடுகிறது. மேற்கே டெக்சாஸ், கிழக்கே ஆர்கன்சா. அஞ்சலகமும் மத்திய அரசின் நீதிமன்றமும் உள்ள கட்டடம் அந்தக் கோட்டின் மேலேயே, இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் ஒரு தாய், முதியோர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பாதிக்கிறாள் என்று வையுங்கள். சாலைக்குக் கிழக்கே அவள் குடியிருந்தால் ஆர்கன்சா 2014-லேயே தொடங்கிய விரிவாக்கம் அவளைச் சேர்த்துக்கொள்ளும். மூன்று பேர் குடும்பத்துக்கு வரம்பு, 2025 கணக்கில், 36,777 டாலர். சாலையைக் கடந்து மேற்கே வந்துவிட்டால் அவள் பணக்காரி. ஏனென்றால் டெக்சாஸில் ஒரு தாய்க்கு மெடிக்கெய்டு கிடைக்க வேண்டுமானால் அவள் வருமானம் ஆண்டுக்கு 4,000 டாலர் அளவில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கிடைக்கும், பிள்ளைகளை வளர்ப்பவளுக்குக் கிடைக்காது.

அப்படியானால் சந்தையில் மானியத்தோடு காப்பீடு வாங்கிக்கொள்ளட்டுமே என்பீர்கள். அங்கேதான் உங்கள் கலையின் உச்சம். மானியம் வறுமைக் கோட்டில் தொடங்குகிறது. மூன்று பேருக்கு அது, அதே 2025 கணக்கில், 26,650 டாலர். அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிக்கெய்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சட்டம் எழுதியவர்கள் மானியத்தை அங்கே நிறுத்தினார்கள். ஆக, இந்தத் தாய் மெடிக்கெய்டுக்கு அளவுக்கு மீறிச் சம்பாதிக்கிறாள், மானியத்துக்குப் போதாமல் சம்பாதிக்கிறாள். இன்னும் 7,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால் அரசு உதவும். வசதி கொஞ்சம் கூடினால் உதவி, கூடாவிட்டால் உதவியில்லை! ஏழைக்கு உழைப்பின் அருமையைக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் உண்டா?

பிள்ளை இல்லாதவருக்கோ பாடமே வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். 65 வயது ஆகாத, உடல் ஊனமில்லாத, கருவுறாத, பிள்ளையில்லாத ஒருவர் டெக்சாஸில் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்டு கிடையாது. வருமானம் பூஜ்யமானாலும் கிடையாது. உங்கள் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும், ஒரு நாள் காய்ச்சலில் படுக்காமல் உழைத்தால் 15,080 டாலர். தனி நபருக்கு வறுமைக் கோடு, 2025 கணக்கில், 15,650. முழுநேரமும் உழைப்பவர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆகவே மானியம் இல்லை. சோம்பேறிகளுக்குக் காப்பீடு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பது இவரைப் பார்த்துத்தான்.

இந்த இடத்தில் உங்கள் சொந்தத் தியாகத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். உங்கள் சம்பளம் மாதம் 600 டாலர், ஆண்டுக்கு 7,200. (கூட்டத்தொடர் நாட்களில் தினப்படி தனி, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிறீர்கள். 140 ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் கூடினால் போதாதா என்று உங்கள் ஊரிலேயே ஒரு பழைய கேலி உண்டாம், பொறாமைக்காரர்கள். ஆண்டுக்கு 7,200 டாலர் மட்டுமே சம்பாதிக்கும் மேலே சொன்னவரைப் போன்ற எந்தத் தனியாளுக்கும் டெக்சாஸில் மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. உங்களுக்கு? அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் சேரும் தகுதி உண்டு. பகுதிநேர வேலைக்குக் குறைந்த கூலி வாங்குகிறவனுக்கும் காப்பீடு அவசியம் என்ற உயர்ந்த கொள்கையை நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சோதனை முயற்சியாக உங்களிடமிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு விரிவாக்குவதுதான் பாக்கி.

உங்கள் ஜனநாயகப் பண்பையும் மறக்க முடியாது. 2021-ல் விரிவாக்க மசோதா ஒன்றை ஆதரித்து ஆளும் குடியரசுக் கட்சியினர் ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். எதிர்க்கட்சியோடு சேர்த்தால் 150 பேர் கொண்ட பேரவையில் பெரும்பான்மை. அட, கனிந்துவிட்டதோ என்று பலர் பதறிப்போனார்கள். அந்த ஏப்ரலில், பட்ஜெட் விவாதத்தின்போது, கார்னெட் கோல்மன் என்ற ஹூஸ்டன் உறுப்பினர் இதே நோக்கத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். 68 பேர் ஆதரவு, 80 பேர் எதிர்ப்பு. கையெழுத்து வேறு, வாக்கு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் எத்தனை அவைகளுக்கு உண்டு?

பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் நீங்கள் காட்டிய கருணைக்குத் தனியாக ஒரு பொன்னாடை. ஏழைப் பெண் கருவுற்றால் டெக்சாஸில் மெடிக்கெய்டு உண்டு. முன்பெல்லாம் பிரசவமாகி இரண்டு மாதம் கழிந்ததும் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். இரத்த அழுத்தமோ, மனச்சோர்வோ, தையல் ஆறாத புண்ணோ, எதுவானாலும் 60 நாளுக்குள் வந்து போய்விட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. 2021-ல் பேரவை இதை 12 மாதமாக்கி அனுப்பியது. செனட் அதை 6 மாதமாக வெட்டியது. சந்தையில் புடவைக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூடப் பாதி விலையில் முடித்துவிடுகிறார்கள் என்றால் நம்பமாட்டோம், நீங்கள் முடித்தீர்கள். 2023-ல் 12 மாதத்துக்கும் ஒப்புக்கொண்டீர்கள். ஆக, ஒரு தாய்க்கு ஓராண்டு காப்பீடு கொடுத்தால் வானம் இடிந்து விழாது என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. பதின்மூன்றாம் மாதம் அவளுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் நீங்கள் கேட்பதில்லை. கண்ணியம்.

காப்பீடு இல்லாதவரும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாமே என்று நீங்கள் சொல்வதுண்டு. சரிதான். 1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை மருத்துவமனைகள் பணம் கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. அதாவது, சர்க்கரைக்கு மாத்திரை கிடைக்காது; சர்க்கரை முற்றிக் கால் அழுகினால் கால் எடுக்கப்படும். மார்பில் கட்டியா என்று சோதிக்க வழியில்லை; அது பரவி மூச்சுத் திணறும்போது கட்டில் கிடைக்கும். இந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? ஹூஸ்டனில் ஹாரிஸ் கவுண்டி மருத்துவமனை மாவட்டம், டாலஸில், அதிபர் கென்னடி சுடப்பட்ட நாளில் அவரைக் கொண்டுபோன அதே பார்க்லேண்ட் மருத்துவமனை. இரண்டுக்கும் வீட்டுக்காரர்கள் சொத்து வரியிலிருந்து படியளக்கிறார்கள். டாலஸை அடுத்த இர்விங்கில் கடன் வாங்கி வீடு கட்டிய நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்த வரியைக் கட்டுகிறார்கள். போதாததற்கு அவர்கள் கட்டும் மத்திய வருமான வரி லூசியானாவுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் ஆர்கன்சாவுக்கும் மெடிக்கெய்டாகப் போகிறது. உங்களைச் சுற்றியுள்ள நான்கு மாநிலங்களும் விரிவாக்கிவிட்டன. அண்டை வீட்டார் சுகமாக இருக்கட்டும் என்று உங்கள் வீட்டு அடுப்பை அணைத்துக்கொண்டீர்கள். இந்தப் பெருந்தன்மைக்குத்தான் வள்ளல்கள் என்றேன். கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படுவதிலும் உங்கள் மாநிலம் முன்வரிசையில் நிற்பது தனிக்கதை.

மக்களிடம் கேட்டுப் பார்த்த சில மாநிலங்கள் உண்டு. மெய்ன், ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசூரி, தெற்கு டகோட்டா. பெரும்பாலும் உங்கள் கட்சியின் கோட்டைகள். ஏழிலும் மக்கள் வேண்டும் என்றே வாக்களித்தார்கள். டெக்சாஸில் மக்களே மனுப்போட்டு இப்படியொரு வாக்கெடுப்பைக் கொண்டுவர வழியில்லை. வாக்காளரை அந்தச் சிரமத்திலிருந்தும் காத்தீர்கள். வட கரோலினாவில் உங்கள் கட்சியின் செனட் தலைவர் ஃபில் பெர்கர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவிட்டு மனம் மாறி, 2023-ல் விரிவாக்கத்தை நிறைவேற்றிவிட்டார். எதிர்த்ததற்கான காரணங்கள் காலாவதியாகிவிட்டன என்று ஒருவர் ஒப்புக்கொள்வது எவ்வளவு ஆபத்தான முன்னுதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதுவரை உங்களைப் புகழ்ந்தேன். ஒரு கணக்கைச் சொல்லும்போது மட்டும் என்னால் புகழ முடியவில்லை. 55 முதல் 64 வயது வரையுள்ள ஏழைகளின் இறப்புப் பதிவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். விரிவாக்க மறுத்த மாநிலங்களில் 2014 முதல் 2017 வரையிலான நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 15,600 பேர் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த மாநிலங்களில் மிகப் பெரியது உங்களுடையது.

உங்கள் அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. மசோதாவைக் கொண்டுவர வழக்கம்போல் ஆள் இருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தரும் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த 50 லட்சம் பேரில் எல்லோருக்குமே இதில் இடம் கிடைத்துவிடாது. ஆனால் மதிப்பீடுகளின்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. மசோதாவைக் குழுவறையிலிருந்து சபைக்கு விடுங்கள். ஆதரிப்பவர் ஆதரியுங்கள், மறுப்பவர் மறுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் பெயர் பதிவாகும்படி வாக்களியுங்கள்.