கூந்தலும் களப்பலியும் கூரையும்: ‘ஹேர்’ நாடகம் குறித்து அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு சிற்றாய்வு

அஸ்தினாபுரம் என்று பெயர் கொண்ட ஊரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. கூந்தலைப் பற்றி உலகத்தில் எங்கே நாடகம் போட்டாலும் நாம் அதை விசாரித்தாக வேண்டும். பாஞ்சாலியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தது அஸ்தினாபுரத்து அரசவைக்கு. பகைவன் ரத்தம் தோயாமல் இந்தக் கூந்தலை முடிவதில்லை என்று அவள் சபதம் செய்ததும் அந்த அவையில்தான். குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக வந்து சேரும் நம் அஸ்தினாபுரம், 2021இலிருந்து தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த புறநகர். வில்லிபுத்தூரார் பாடிய தலைநகர் வேறு. ஆனாலும் பெயரைச் சுமக்கிறோம். அதற்குரிய பொறுப்பையும் சுமக்கத்தான் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட நாடகம் ‘ஹேர்’. ஜெரோம் ராக்னியும் ஜேம்ஸ் ராடோவும் வசனமும் பாட்டும் எழுத, கால்ட் மெக்டெர்மாட் இசையமைத்தார். 1967 அக்டோபரில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறியது. 1968 ஏப்ரலில் பிராட்வேக்குப் போய் 1972 வரை 1,750 முறை நடந்தது. 2008 கோடையில் இதே நாடகம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், டெலகோர்ட் என்னும் திறந்தவெளி அரங்கில் டயான் பாலஸ் இயக்கத்தில் மறுபடி நிகழ்ந்தது. அந்த மறு அரங்கேற்றத்தின் அமைப்பை வட தமிழகத்துக் கூத்தின் அளவுகோலை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ‘ஹேர்’ ஒரு களப்பலி நாடகம், களப்பலிக்குக் கூரை ஆகாது.

கதை சிறியது. நியூயார்க்கில் ஒரு ஹிப்பி ஜமா. நீண்ட தலைமயிர், கஞ்சா, பாட்டு, வியட்நாம் போருக்கு எதிர்ப்பு. அதில் கிளாட் என்ற இளைஞனுக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லி ஓலை வருகிறது. நண்பர்கள் தங்கள் ஆள்சேர்ப்பு அட்டைகளைத் தீயில் போடுகிறார்கள். கிளாட்டுக்குக் கை வரவில்லை. கடைசியில் மயிர் வெட்டப்பட்டு, ராணுவ உடையில், நண்பர்கள் கண்ணுக்குத் தெரியாதவனாக வந்து நிற்கிறான். பாலஸின் தயாரிப்பில் அமெரிக்கக் கொடியின்மேல் பிணமாகக் கிடக்கிறான்.

பாஞ்சாலியின் விரிந்த கூந்தலும் ஒரு சபதம், கிளாட்டின் நீண்ட மயிரும் ஒரு சபதம். முன்னது போர் வந்தே தீர வேண்டும் என்கிறது. பின்னது போருக்கு வரமாட்டேன் என்கிறது. இரண்டு சபதத்தையும் முடித்துவைப்பது போர்தான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் படுகளத்தன்று, ஆள் உயரத்தைப் பலமடங்கு மிஞ்சிய துரியோதனன் மண்ணுருவமாகத் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷம் அதன் தொடையில் அடிக்கும். செந்நிறம் பீறிட்ட பிறகுதான் அம்மனுக்குக் கூந்தல் முடிவது. பட்டாளம் கிளாட்டிடம் செய்யும் முதல் காரியமும் தலைமயிரில்தான். உடையும் துப்பாக்கியும் அப்புறம்தான். இந்த நுட்பத்தை ராக்னியும் ராடோவும் பாரதம் படித்துக் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சபதம் உடம்பில் எங்கே குடியிருக்கும் என்பது கூத்துக்காரர்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்கிறது.

துகிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பாகத்தின் முடிவில் நடிகர்கள் மங்கிய வெளிச்சத்தில் ஆடையின்றி அசையாமல் நிற்பார்கள். இதை வைத்து எழுந்த கூச்சல் பெரிது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரம் தன் அரங்கைத் தர மறுக்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், அந்த மறுப்பு செல்லாது என்று 1975இல் தீர்ப்பானது. நம் ‘துகில் உரிதல்’ கூத்தில் உரிய உரியச் சேலை வளரும். இங்கே உரிக்க ஆளே இல்லை, தாங்களாகவே களைகிறார்கள். அதனால் இந்தக் காட்சியில் அவமானம் கிடையாது. பட்டாளத்தின் உடல் பரிசோதனைக்கு எதிராகத் தங்கள் உடம்பு தங்களுடையது என்று ஒருமுறை சொல்லிக்கொள்கிறார்கள். எதிர்த்தவர்கள் வெறும் தோலைப் பார்த்தார்கள். எனக்கு அது நாடகத்தின் மிகக் கண்ணியமான கட்டமாகத் தோன்றுகிறது.

இனிக் கூரை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைக் கறாராகச் சொல்கிறது: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு. அது மன்னன் முன்னிலையில் மாதவி ஆடிய அரங்கு. கூத்தை வேத்தியல், பொதுவியல் என்று இரண்டாகப் பிரித்த மரபும் அந்தக் காப்பியத்திலேயே இருக்கிறது. பிராட்வே பணம் கட்டி உட்காரும் வேத்தியல். டெலகோர்ட் 1962 முதல் கோடைதோறும் இலவசமாக நாடகம் நடக்கும் இடம். சுமார் 1,800 பேர் உட்காரலாம். சீட்டுக்கு விடியலிலிருந்தே பூங்காவில் வரிசை நிற்கும். கூத்துக்கும் பார்க்க வருகிறவர் காசு கொடுப்பதில்லை. ஊர் வரி போட்டுச் சேர்த்து, வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்துத் தேதி வாங்கும். பொதுவியல் என்றால் செலவை எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது என்று பொருள். ‘ஹேர்’ பிறந்தது பொதுவியலாக, வளர்க்கப்பட்டது வேத்தியலாக.

லண்டனில் நடந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கே நாடகத் தணிக்கை ஒழிந்த மறுநாள், 1968 செப்டம்பர் 27 அன்று, ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் ‘ஹேர்’ தொடங்கியது. 1,997 முறை நடந்தது. 2,000ஐத் தொடுவதற்கு மூன்று இருந்தபோது, 1973 ஜூலையில், அரங்கின் கூரை இடிந்து விழுந்து ஓட்டம் நின்றது. தணிக்கையால் நிறுத்த முடியாத நாடகத்தைக் கூரை நிறுத்தியது. இதைச் சகுனம் என்று நான் சொல்லவில்லை. நாடகத்துக்கும் அதன் இடத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்கிறவர் விட்டுவிடக் கூடாத தரவு என்கிறேன்.

களப்பலிக்கு வருவோம். அரவான் அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். வடமொழிப் பாரதத்தில் அவன் போர்க்களத்தில் எட்டாம் நாள் சாகிறான். தமிழில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா தொடங்கி, போருக்கு முன்பே பலியாகிறான். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியதுதான் அவன் செய்த குற்றம். வில்லிபாரதத்தில் முதலில் அவனைக் கேட்டு வாங்குகிறவன் அஸ்தினாபுரத்துத் துரியோதனன்! நாள் குறித்துக் கொடுப்பவன் சகாதேவன்: அமாவாசை. கண்ணன் சூரியனையும் சந்திரனையும் ஒருநாள் முன்னதாகச் சேரவைத்து, அதே பிள்ளையைப் பாண்டவர் பக்கம் பலியாக்கிவிடுகிறான். இரண்டு கட்சிக்கும் தேவைப்பட்டது ஒரே உடம்பு. அரவானைக் கூத்தாண்டவராக வணங்கும் மரபில், சாவதற்கு முன் ஒரு கல்யாணம் வேண்டும் என்று அரவான் கேட்க, நாளை சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் தராததால் கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் தாலி அறுத்து வெள்ளை உடுத்தி அழுவதும் அந்த இரவுக்காகத்தான்.

இப்போது ‘ஹேர்’ இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். கிளாட் மறுநாள் பட்டாளத்துக்குப் போக வேண்டியவன். ஷீலா என்ற பெண்மேல் அவனுக்கு ஆசை. அவளோ அவன் நண்பன் பெர்கரை விரும்புகிறவள். அந்தக் கடைசி இரவை கிளாட்டோடு கழிக்கும்படி ஷீலாவிடம் கேட்பவன் பெர்கர். நாள் குறித்த சகாதேவனுக்கும் அமெரிக்காவில் ஈடு உண்டு. நாடகம் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்த 1969 டிசம்பர் 1 அன்று, 366 பிறந்த தேதிகளை நீலக் குப்பிகளில் போட்டுக் குலுக்கி, யார் முதலில் பட்டாளத்துக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்திருப்பதே முப்பத்திரண்டு லட்சணம் ஆயிற்று.

அட்டைகள் எரியும் கட்டத்தில் ஜமா பாடுவது ஹரே கிருஷ்ணா மந்திரம். 1966இல் பக்திவேதாந்த சுவாமி நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பாடவைத்தது அது. போரில் இறங்கு என்று அருச்சுனனுக்கு எடுத்துச் சொன்னவன் பெயரைச் சொல்லிப் போர் ஓலையைக் கொளுத்துகிறார்கள். இதை அறியாமை என்று நம்மவர்களில் பலர் ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூத்து பார்த்து வளர்ந்தவனுக்குக் கண்ணன் இரண்டு வேலையும் பார்க்கிறவன்: அரவானைப் பலிக்கு அனுப்புகிறவனும் அவன்தான், அவனுக்காகத் தாலியறுக்கிறவனும் அவன்தான். கிளாட் மட்டும் அட்டையை எரிக்காமல் தயங்குவதற்கு அந்தப் பெயர் பின்னால் ஒலிப்பதைவிடச் சரியான பின்பாட்டு அமையாது.

டெலகோர்ட் அரங்கேற்றம் இதனால்தான் எனக்கு முக்கியம். 2007 செப்டம்பரில் நாற்பதாம் ஆண்டுக்காக மூன்று இரவு கச்சேரி வடிவில் பாடிப் பார்த்து, மறு கோடையில் முழு நாடகமாக்கினார்கள். 1967 ஈஸ்டர் அன்று ஏறத்தாழ 10,000 ஹிப்பிகள் கூடியது இதே சென்ட்ரல் பார்க்கில். ஜமா தன் மண்ணுக்கே திரும்பியது. மேடைக்குப் பின்னால் மரங்களும் குளமும், மேலே வெறும் வானம். கூத்தில் களரிக்கும் ஊருக்கும் நடுவே சுவர் கிடையாது. கட்டியங்காரன் அந்தப் பக்கமும் பேசுவான், இந்தப் பக்கமும் பேசுவான். ‘ஹேரில்’ அந்த வேலை பெர்கருடையது. முதல் பாட்டு முடிந்ததும் கால்சட்டையைக் கழற்றிவிட்டு, பார்வையாளர்களை நேரே பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறான். நாற்காலி வரிசைக்குள் புகும் அத்துமீறலாக பிராட்வேயில் தோன்றுவது பூங்காவில் ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. கிளாட்டின் மயக்கக் காட்சியில் வாஷிங்டனும் லிங்கனும் நாவல் பாத்திரங்களும் ஒரே களத்தில் குதிக்கிறார்களே, அதுவும் கூத்துக்கு இயல்பு. மயில் ராவணன் கதையில் கட்டியங்காரன் ரேஷன் கடையைப் பற்றிப் பேசினால் நம் கிழவிகள் யாரும் திகைப்பதில்லை.

1968இன் பார்வையாளர் சட்டைப்பையில் ஆள்சேர்ப்பு அட்டை இருந்தது. 2008இல் அது இல்லை. கட்டாயச் சேர்ப்பு 1973இலேயே நின்றுவிட்டது, இராக்குக்குப் போனவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். ஆகவே நாடகம் காலாவதி என்று வாதிடலாம். அரவான் களப்பலி ஆயிரம் ஆண்டுகளாகக் காலாவதி ஆகவில்லை. நாடு சுதந்திரமடைந்த பிறகு இங்கே கட்டாய ராணுவச் சேவை இருந்ததில்லை. ஆனாலும் பலி மேடையில் அரவான் உட்காரும்போது தாய்மார்கள் அழுகிறார்கள். வன்னியில் 2006க்குப் பிறகு வீட்டுக்கொரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போனதைக் கண்ட தமிழர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் புறநகரையே பாருங்கள்: வடக்கே பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம், பல்லாவரத்தில் கண்டோன்மென்ட், தெற்கே தாம்பரம் விமானப்படை நிலையம். இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் மயிர் வெட்டுகிற வட்டாரத்தின் நடுவில் நாங்கள் குடியிருக்கிறோம்.

பாலஸ் அம்மையாரின் தயாரிப்பில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு, ஆனால் பெரியது. கிளாட் கொடியின்மேல் கிடக்க, ஜமா வெயிலை உள்ளே அழைக்கும் பாட்டைப் பாடிப் போகிறது. சற்று நேரத்தில் பார்வையாளர்களும் மேடையேறி ஆடுகிறார்கள். ஊரும் களரியும் கலப்பது கூத்தின் நியாயம்தான்; அதில் குறையில்லை. அவசரத்தில்தான் குறை. பிணத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே துக்கத்துக்கு இடம் விடவில்லை. படுகளத்தில் மண்ணுருவத்தைச் சுற்றி ஒப்பாரி உண்டு. கூந்தல் முடிந்த பிறகும் தீமிதி இருக்கிறது. செத்தவனுக்குரிய நேரத்தைக் கொடுத்த பிறகே ஊர் எழுந்து நடக்கும். அங்கே இந்தக் குறை நேர்ந்ததற்குக் காரணம் கடிகாரம். இரவு எட்டுக்குத் தொடங்கி பதினோரு மணிக்குள் முடிக்கிற நாடகத்தில் துக்கத்துக்கு நேரம் ஏது? வெயிலை அழைக்கும் பாட்டை நடு இருட்டில் பாடவேண்டி வந்ததும் அதனால்தான்.

ஆகவே ‘ஹேர்’ தமிழில், கூத்தாக, விடிய விடிய நடக்க வேண்டும். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை மன்றம் மார்க்வெஸின் கதையையே கூத்தாக்கியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்களுக்கும் வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்தது. ஷீலாவுக்கும் பெர்கருக்கும் ஆள் தேடி அலைய வேண்டாம். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை போதும். கிடார் வேண்டுமென்றால் ஒன்று இருக்கட்டும். அஸ்தினாபுரத்தில் ஒரு மைதானமும் சித்திரை மாதத்தில் ஒரு இரவும் தேவை.

தடை ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் வாத்தியமும் கூடாது; விழாக்களுக்கென்று அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. நகரத்தை ஒட்டிய ஊர்களில் விடிய விடியக் கூத்து நடத்த இது பெரிய இடைஞ்சல். விதியை மீறச் சொல்ல மாட்டேன். தூங்குகிறவர்களுக்கும் உரிமை உண்டு. கூத்துக்காரர் குரல் மைக் பிறப்பதற்கு முன்பே களத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல். பத்து மணிக்கு மைக்கையும் வாத்தியங்களையும் நிறுத்திவிட்டு, கூட்டத்தை நெருங்கி உட்காரச் சொன்னால் போதும்.

சித்திரையில் சென்னையில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பு உதிக்கிறது. ஒலிபெருக்கித் தடை ஆறு மணிக்கு முடிகிறது. வெயிலை அழைக்கும் பாட்டை அப்போது மைக் போட்டே பாடலாம், ஊரும் களத்தில் இறங்கி ஆடலாம். அதற்கு கிளாட் வேஷக்காரர் நாலரை மணிக்கெல்லாம் களத்தில் விழுந்துவிட வேண்டும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரமும் ஒப்பாரிக்கு.