ஈரத்துண்டு மரபு: அம்பாசிடர் பெட்ரோல் பம்ப் குறித்து ஓர் ஆராய்ச்சி

பொறியும் காற்றும் பிழையா தாயின்
எரிநெய் வரவே எண்ணல் வேண்டும்.

என்பது என் நுதலிற்றோ எனின், ஓடிக்கொண்டிருந்த அம்பாசிடர் நடுவழியில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றால் எதைச் சந்தேகிப்பது என்று உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா கட்டுரையாளர் இயற்றியது. உரையும் அவரதே, வேறு எவரும் முன்வராமையின்.

ஆய்வுக்களம் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய வண்டி. பின்னாளில் வந்த இசூசு என்ஜின் வண்டிகளும் டீசல் வண்டிகளும் இதில் அடங்கா. அவற்றின் துன்பங்கள் வேறு.

பம்ப் என்ஜினின் விலாவில் இரண்டே நட்டில் நிற்கிறது. கேம் ஷாஃப்டின் மேடு சுற்றி வரும்போதெல்லாம் பம்பின் கையை அழுத்தும். கை டயப்ரத்தைக் கீழே இழுக்க, பின்னால் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வரும். ஸ்பிரிங் டயப்ரத்தை மேலே தள்ள, வந்த பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். கார்பரேட்டர் தொட்டி நிறைந்தால் ஊசி வால்வு வழியை அடைத்துவிடும். டயப்ரம் இறங்கியபடியே நிற்க, கை மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வேலை இல்லாத நேரத்திலும் கையை ஆட்டும் இப்பண்பே இவ்வண்டியை அரசு அலுவலகங்களுக்கு உகந்ததாக்கிற்று என்பாரும் உளர்.

வண்டி நின்ற இடத்தில் அறிஞர் கூடுவர். "பிளக்கைக் கழட்டிப் பாருங்கண்ணே" என்பது ஒரு மரபு. "காயில் சூடாயிருக்கும்" என்பது இன்னொன்று. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பவர் மரபு எதையும் சாராதவர். ஆகவே அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இவற்றுள் தொன்மையும் செல்வாக்கும் மிக்கது ஈரத்துண்டு மரபே. டிரைவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, பம்பின் மேல் போர்த்துவார். துணியிலிருந்து ஆவி எழும். எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். அரை மணி கழித்துச் செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பும். துண்டு மீண்டும் தோளேறும், இப்போது சற்றுப் பெருமையுடன்.

இம்மரபுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. பெட்ரோலின் லேசான பகுதிகள் கொதிக்க அடுப்பு வேண்டியதில்லை, சித்திரை வெயிலும் என்ஜின் சூடும் போதும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் எளிதில் ஆவியாகும். பம்ப் ஆவியைப் பிசைந்துகொண்டிருக்கும், கார்பரேட்டர் காய்ந்து கிடக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே முக்கி ஏறும் வண்டிக்கு இது நேர்வதில் வியப்பில்லை.

அற்றேல், துண்டே போடாமல் அரை மணி டீ குடித்திருந்தால் கிளம்பியிராதோ எனின், பெரும்பாலும் கிளம்பியிருக்கும். துண்டு சூட்டைத் தணிப்பது மெய். ஆனால் அதன் புகழில் பாதி டீக்கடைக்கு உரியது. இதனால் விளைந்த கேடு யாதெனின், டயப்ரம் கிழிந்த பம்புக்கும் துண்டே போர்த்தப்படுகிறது. அதற்கு எத்தனை டீ குடித்தும் பயனில்லை.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. என்ஜினை ஆறவிட்டு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் பைப்பை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். பீடியை அணைத்துவிட்டு என்று உரைக்கவும் வேண்டுமோ? விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நிரபராதி. சொட்டினால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், பம்பையோ டேங்கிலிருந்து வரும் வழியையோ பார்க்க வேண்டும். அங்கே ஹோஸில் ஒரு விரிசல் இருந்தாலும் பம்ப் காற்றையே குடிக்கும். பம்பின் அடியிலுள்ள கை லீவரை அசைத்துப் பார்ப்போர் ஒன்று அறிக: கேம் மேடு கையை அழுத்தியிருக்கும் நிலையில் லீவர் தொளதொளவென்றிருக்கும். என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டுப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுதல் ஆகாது.

மூன்றாவது சான்று மூக்குக்கு உரியது. ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? மட்டம் ஏறியிருக்கிறதா? கிழிந்த டயப்ரம் வழியாகப் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அதற்குமேல் வண்டியை ஓட்டுவது பேரிங்குக்குப் பகை. பழைய ரப்பர் இப்படிக் கெடுவதற்கு 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் துணைபுரிகிறது. புது டயப்ரம் வாங்குவோர் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குக.

பம்பையே மாற்றுவது சுருக்கமான வேலை. பைப்புகளை அவிழ்த்து, நட்டுகளைக் கழற்றி, ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி, ஆயிலையும் மாற்ற வேண்டும். நுணுக்கம் ஒன்றே: புது பம்பின் கை கேமின் மேல் சரியாக உட்கார வேண்டும். இடம் தப்பி மாட்டிக்கொண்டதை நட்டை முறுக்கிப் பணியவைக்க முயன்றால் கை ஒடியும்.

கழற்றிய பம்பை எவரும் எறிவதில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று டிக்கிக்குள் போடுவர். அங்கே இதற்கு முந்தைய பம்ப் ஏற்கெனவே கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல பம்ப் தேற்றலாம் என்னும் கொள்கை தனி ஆராய்ச்சிக்கு உரியது. அதற்குரிய நிதிநல்கையைக் கட்டுரையாளர் எதிர்நோக்கியிருக்கிறார்.