பொழுது சாய்ந்த சோறு

செஞ்சிக் கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை கோட்டையைச் சுற்றி வளைத்துக் கிடந்தபோது உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததற்கு இதுபோன்ற களஞ்சியங்களும் மலைச் சுனைகளும்தான் துணை. நெல்லாக இருக்கும்வரை அது வருடக்கணக்கில் கிடக்கும். அதையே குத்தி, உலை வைத்து, சோறாக்கிவிட்டால் ஒரு பொழுது தாங்காது. எங்கள் ஆயாவுக்கு இது தெரிந்திருந்தது. இன்றைக்குச் செஞ்சியில் சோறு விற்கிறவர்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எழுபதுகளில் எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஏரியில் தண்ணீர் வற்றும்போது கெளுத்தி வரும். அன்றைக்குக் குழம்பு கொதித்து இறங்கினதும் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் ஆயா சட்டியை அடுப்பில் ஏற்றி, நடுவில் குமிழ் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டுத்தான் இறக்குவாள். கறி என்றால் அதுவும் கிடையாது. "பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணுங்கடா, ராத்திரிக்கு அது நம்முளுது இல்ல" என்பாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். மறுநாள் காலையில் அது லேசாகப் புளித்திருக்கும். அந்தப் புளிப்பு, பால் அமிலத்தை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்களின் வேலை. அமிலம் ஏற ஏறக் கெட்ட கிருமிகள் பெருக முடியாமல் போகும்.

அப்படியானால் அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்லிவிட முடியுமா? என்னால் முடியாது. ஆயாவின் இரண்டாவது பிள்ளை வாந்திபேதியில் போய்விட்டது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகும் என்று நம்பி, நாக்கு வறண்டு கேட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். சாகும்வரை ஆயா அதைச் சொல்லி அழுதாள். அவளுடைய கண்டிப்பெல்லாம் அந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது. மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக ஜனம் போகும். கூடவே காலரா பயமும் போகும். குளத்துத் தண்ணீரையும் ஆற்று ஊற்றையும் அப்படியே குடித்த காலம் அது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தே காலரா நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பிழைக்க வைத்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவு பிந்தி வந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். தண்ணீரைக் கேனில் வாங்குகிறோம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ். ஆனால் ஆயா எதைப் பார்த்துப் பயந்தாளோ, அந்த நேரம்தான் நீண்டுகொண்டே போகிறது. அடுப்பிலிருந்து இறங்குவதற்கும் வாய்க்குப் போவதற்கும் நடுவில் உள்ள நேரத்தைச் சொல்கிறேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் மளமளவென்று பெருகும். செஞ்சியின் சித்திரை வெயிலில் ஒரு கடையின் மேசை எந்நேரமும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. வெளியூர்க் கூட்டம் வருகிறது; கடைகளும் பெருகுகின்றன, சந்தோஷம்தான். ஒரு மத்தியான நேரம் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடை ஓரமாக நின்று பார்த்தேன். ஃப்ரைட் ரைசுக்காகக் காலையில் வடித்த சோறு அன்னக்கூடையில் துணி மூடிக் கிடந்தது. ஆறின சோறுதான் உதிரியாக வரும் என்று அப்படி வைக்கிறார்கள். அரிசியோடு மண்ணிலிருந்தே வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு ஆறினதும் முளைத்து, வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு வாணலியின் எந்த நெருப்புக்கும் அழியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்தபோதே இது தெரிந்துவிட்டது. பழைய சோற்றைக் காத்த புளிப்பு இந்தச் சோற்றுக்கு இல்லை. அங்கேயே, ஆள் வராத நேரத்தில் ஷவர்மா கம்பியின் நெருப்பை அணைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி பற்றவைத்தார்கள். பக்கத்தில் மயோனைஸ் பாட்டில் வெயிலில் நின்றது. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸை, சால்மொனெல்லா ஆபத்தைக் காரணம் காட்டி, தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை.

நமக்குப் பக்கத்து ஊரான ஆரணியில் 2021 செப்டம்பரில் ஓட்டல் பிரியாணி சாப்பிட்ட பத்து வயதுப் பெண் குழந்தை இறந்தது. 2022 மே மாதம் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட பதினாறு வயது மாணவி. அங்கே ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் பதினான்கு வயதுச் சிறுமி. மூன்றும் கடையை நம்பிச் சாப்பிட்ட பிள்ளைகள்.

எங்கள் வீட்டிலும் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. காலையில் தம் போட்ட பிரியாணி தேக்சாவிலேயே மூடிக் கிடந்தது. கடைசிப் பந்தி உட்காரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ராத்திரி தம்பியின் பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். விடிவதற்குள் பந்தியில் சாப்பிட்ட பலருக்கு அதே கதி. குளுகோஸ் ஏற்றிப் பிழைத்தார்கள். எந்தக் கிருமி என்று யாரும் பரிசோதிக்கவில்லை. மீந்த பிரியாணியை அதற்குள் கொட்டியாகிவிட்டது. "ஃபுட் பாய்சன்" என்று சீட்டில் எழுதியதோடு சரி. பெரிய பாத்திரத்தில் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். க்ளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மாதிரி எடுத்துச் சோதிக்காதவரை அடுத்த நிச்சயதார்த்தத்திலும் இதேதான் நடக்கும்.

இது ஒரு ஊர் சங்கதி இல்லை. கெட்ட உணவால் உலகத்தில் வருடத்துக்கு 60 கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. செத்தவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிறையாத பிள்ளைகள்.

செஞ்சியில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, மத்தியானம் மீந்ததை ராத்திரிக்கு விற்காதீர்கள். கறியைச் சூடு குறையாமல் வையுங்கள், இல்லையென்றால் குளிரில் வையுங்கள். கையில் காயம் உள்ளவரைச் சோறு தொட விடாதீர்கள். சாப்பிடப் போகிறவர்களும் இது எப்போது சமைத்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சல் ஏறினாலோ, மூத்திரம் நின்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாப்பிட்டதில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் மூடி எடுத்து வைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள்.