அழித்ததற்கு ஒரு சான்றிதழ்

மாட்சிமை தங்கிய யாகூ நிறுவனத்தாருக்கு,

தங்கள் மின்மடல் குழுமங்களில் ஓசிக் குடியிருந்த தமிழர்கள் சார்பில் எழுதும் விண்ணப்பம்.

2000இல் ஈ-குரூப்ஸை விலைக்கு வாங்கி, குழுமங்களுக்குக் கூரை போட்டுக் கொடுத்தீர்கள். ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று நாங்களும் ஆளுக்கொரு திண்ணையைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினோம். வாடகை கேட்கவில்லை, அந்தப் பெருந்தன்மையை மறுப்பதற்கில்லை.

பேசியதை அடுக்கி வைத்தோமா என்றால், அதற்குத் தங்களைக் குறை சொல்ல முடியாது. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்று ஒரு பெரியவர் அலகிட்டு விளக்கியிருப்பார். மடலின் தலைப்போ, 'ரீ: ரீ: ரீ: சென்னையில் மழை'. போதாக்குறைக்கு அது திஸ்கியில் இருக்கும். யூனிகோடு பரவும் முன் தமிழுக்குச் செய்துகொண்ட எழுத்துக் குறியாக்க ஏற்பாடு அது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெண்பா முழுக்கக் கொம்பு முளைத்த லத்தீனாகத் தெரியும். யூனிகோடில் 'வெண்பா' என்று அடித்துத் தேடினால் அது அகப்படாது. இன்னொருவர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். அதிலும் ழகரத்துக்கு ஆளுக்கொரு வழக்கம். ஆகவே புதிதாக வந்தவர் அதே கேள்வியைக் கேட்பார். பெரியவரும் சலிக்காமல் மறுபடி அலகிடுவார்.

எங்கள் அவதியைக் காணப் பொறுக்காமல்தானே 2019 அக்டோபரில் அந்த அறிவிப்பை விட்டீர்கள்? டிசம்பர் 14க்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு துடைத்துவிடுவோம் என்று. ஏறத்தாழ இருபதாண்டுப் பேச்சுக்கு இரண்டு மாதம்! கூச்சல் கிளம்பியதும் 2020 ஜனவரி 31 வரை தவணை நீட்டிய கருணையை என்னவென்று சொல்ல. ஓடி ஓடிப் பிரதியெடுத்த ஆவணத் தன்னார்வலர்களின் கணக்குகளை நடுவழியில் முடக்கியதும் அவர்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்று நம்புகிறோம். 2020 டிசம்பர் 15இல் குழுமங்களையே மூடினீர்கள். 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைமனைக் குடியிருப்பை மூடிப் பழகிய கை அல்லவா, வேலை சுத்தம்.

பேச்சு இப்போது வாட்ஸப்பில் நடக்கிறது. அங்கே பழைய பதிலைத் தேடி மேலே தள்ளத் தள்ள, காலை வணக்கப் பூக்கள்தான் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்றும் ஒரு தம்பி ஈற்றுச் சீரைப் பற்றிக் கேட்டான். "அதெல்லாம் அந்தக் காலத்திலேயே பேசியாயிற்று" என்றால், "சுட்டி இருக்கிறதா ஐயா?" என்கிறான்.

அவனிடம் காட்டுவதற்கு, மேற்படி விடைகள் யாவும் முறைப்படி அழிக்கப்பட்டன என்று முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றை அனுப்பிவைக்க வேண்டுகிறோம். தேடினால் கிடைக்கும்படி யூனிகோடில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் திண்ணைவாசி