குற்றால லாட்ஜ் வைஃபை: க்யூஓஎஸ் போட ஆறு பொன்னான வழிகள்

ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். ரூம் கிடைத்தவருக்கு வைஃபை கிடைப்பது அதைவிடக் கஷ்டம். ஐந்தருவியில் எடுத்த வீடியோவை லாட்ஜே சேர்ந்து ஸ்டேட்டஸில் ஏற்றும், மூன்றாம் மாடியில் ஒருவர் மீட்டிங்கில் “என் குரல் கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருப்பார். கவலையை விடுங்கள் அண்ணாச்சி. நெரிசலில் எந்தப் பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று சொல்ல, ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் உண்டு. கீழே சொன்னபடி செய்தால் சீசன் முடியும்வரை ஒருத்தருக்கும் நிம்மதி இராது.

1. எல்லாரையும் விஐபி ஆக்குங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்று 6 பிட் இடம் உண்டு. 0 முதல் 63 வரை எண் போடலாம். குரலுக்கு வழக்கமாக 46. இதில் என்ன கஞ்சத்தனம்? அழைப்பு, வீடியோ, விண்டோஸ் அப்டேட், உங்கள் மகன் ஆடும் கேம், எல்லாவற்றுக்கும் 46 போடுங்கள். வரிசையே இருக்காது, மனத்தாங்கலும் இருக்காது.

2. வந்த பாக்கெட்டை அப்படியே நம்புங்கள். ரூமுக்கு ஆதார் கேட்பது சரி, பாக்கெட்டிடம் கேட்கலாமா? டோரண்ட் தன் நெற்றியில் தானே 46 எழுதிக்கொண்டு வந்தாலும் வரவேற்றுவிடுங்கள். வாசலிலேயே அதை அழித்து நாமே எண் போடுவது சந்தேகப்புத்திக்காரர் வேலை.

3. டவுன்லோடை மட்டும் கவனியுங்கள். வீடியோ ஏறுவதும் நெரிசல் முட்டுவதும் அப்லோடில்தான். ஆகவே அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

4. பிளானில் உள்ள வேகத்தை அப்படியே எழுதுங்கள். 50 எம்பிபிஎஸ் லைனுக்கு 45 என்று குறைத்துப் போட்டால் வரிசை நம் ரவுட்டரிலேயே நிற்கும். யாரை முன்னே விடுவது என்று நாம் சொல்ல வேண்டிவரும். 50 என்றே போட்டால் வரிசை மோடத்துக்குள் போய் நின்றுவிடும். அங்கே நம் சட்டம் செல்லாது, பழியும் நம் மேல் வராது.

5. பஃபரை முடிந்தமட்டும் பெருக்குங்கள். பெரிய அருவியில் மலையிலிருந்து விழும் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடலில் நிறைந்து, வேகம் தணிந்து, அதன் பிறகே நம் தலைக்கு வருகிறது. ரவுட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஷேப்பரும் அப்படித்தான், மிஞ்சியதைப் பஃபரில் கொஞ்சம் நிறுத்தி அனுப்பும். போலீசிங் என்ற இன்னொரு முறையோ மிஞ்சியதைத் தூக்கி எறியும். ஆனால் பஃபர் என்ற அந்தப் பள்ளம் அளவு மீறி ஆழமானால் பாக்கெட் உள்ளேயே ஊறிக்கிடக்கும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு. நீங்கள் இரண்டு வினாடி கொடுங்கள். மீட்டிங்கில் இருப்பவருக்கு யோசித்துப் பேசும் பழக்கம் வரும்.

6. கவுண்டரைப் பார்க்காதீர்கள். எந்த வரிசையில் எத்தனை பாக்கெட் தூக்கி எறியப்பட்டது என்று ரவுட்டரே எண்ணி வைத்திருக்கும். அதை வரைபடமாகக் காட்டும் நெட்ஃப்ளோ அனலைசரை விற்கும் ஜோஹோவுக்குப் பக்கத்து மத்தளம்பாறையிலேயே அலுவலகம் உண்டு. அந்த ரோட்டில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது விவரம் தெரிந்தவர், “க்யூஓஎஸ் லைனைப் பெரிசாக்காது அண்ணாச்சி, நெரிசலில் யார் காத்திருக்கணும்னு மட்டும்தான் சொல்லும். அதை நீங்கதான் முடிவு பண்ணணும்” என்பார். ஸ்டேட்டஸ் வீடியோ பத்து நிமிடம் காத்திருக்கட்டும் என்று முடிவெடுத்தால் அவர் சொல்வது பலித்துவிடும். ஆனால் எந்த விருந்தாளி முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது? பேசாமல் வாசலில் உள்ள ‘அதிவேக வைஃபை இலவசம்’ பலகைக்குப் புதுப் பெயின்ட் அடியுங்கள். செலவும் குறைவு.