சிங்கப்பூர் போறீங்களா?

முதலில், விலைச்சீட்டைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்குவதை நிறுத்துங்கள். பெருக்கினால் காபி தொண்டையில் இறங்காது. ரயிலில் தண்ணீர் குடித்தாலும் குற்றம்தான். 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அந்தக் காசுக்குத் தாகத்தோடே இருந்துவிடலாம். டுரியான் பழத்துக்கு ரயிலில் இடமே கிடையாது, அதன் வாசனை அப்படி. சூயிங்கம் இறக்குமதிக்கு 1992-லிருந்து தடை.

மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் உச்சியில் உள்ள நீச்சல்குளம் அங்கே அறை எடுத்தவர்களுக்கு மட்டும். நமக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் உரிமை இலவசம். குழாய்த் தண்ணீரும் குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள்.

வயிற்றுக்கு உணவங்காடிதான் கதி. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்ட பரம்பரைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021-லிருந்து அதற்கும் கண்காணிப்பு உண்டு. மாமியார் வீட்டு உபசாரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆகவே, தேக்கா சந்தையில் விலை கேட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவதானால், அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுங்கள்.